நெல்லுக்கு ஷிப்ட் கிடையாது! எக்ஸெல்லில் ஓர் அரிசி மில் ஓட்டலாம் வாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்ததும் என்ன செய்கிறார்கள்? மளிகைக் கணக்கு, பால் கணக்கு, கரண்ட் பில் கணக்கு. கூட்டல் போடத் தெரிந்ததும் "எக்ஸெல் தெரியும்" என்று மூடி வைத்து விடுகிறார்கள். அதே எக்ஸெல்லில் ஒரு தொழிற்சாலையையே ஓட்டிப் பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா? மெஷின் வாங்காமல், கரண்ட் செலவில்லாமல், ஒரு மூட்டை நெல்கூட வீணாகாமல் ஓட்டலாம். இதற்குப் பெயர் சிமுலேஷன். நிஜத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பது என்று பொருள்.

இது புதிய விஷயமும் அல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி கார்டன் என்பவர் 1961-லேயே இதற்கென்று ஜிபிஎஸ்எஸ் என்ற மொழியை உருவாக்கினார். அன்றைக்கு ஓர் அறையை அடைத்து நின்ற கம்ப்யூட்டர் செய்த வேலையை, இன்று உங்கள் மேஜை மேல் உள்ள கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்து விடும்.

கார் தொழிற்சாலை உதாரணம் நமக்கு வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக் கொள்வோம்: புழுங்கல் அரிசி மில். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமிலும் இதே பாடத்தைச் செய்யலாம்.

மில்லில் என்ன நடக்கிறது?

நெல் முதலில் ஊறல் தொட்டிக்குப் போகிறது. பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் ஒன்று முதல் மூன்று நாள் வரை ஊறும். நாள் கூடினால் நெல் புளித்து, அரிசியில் வாடை வரும். மைசூரில் உள்ள சிஎஃப்டிஆர்ஐ ஆய்வு நிறுவனம் கொண்டு வந்த முறையில் சுமார் 70 டிகிரி வெந்நீரில் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஊறல் முடிந்து விடும். டெல்டாவுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடமாகத் தொடங்கியதுதான், பிறகு நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு வந்து, 2021 முதல் நிஃப்டெம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஊறிய நெல்லை நீராவியில் அவிக்கிறார்கள். நீராவி தரும் பாய்லருக்கு எரிபொருள் அதே மில்லின் உமி. அவித்த நெல்லில் ஈரம் 30 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதைச் சுமார் 14 சதவீதத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் அரவை. தை, மாசியில் என்றால் களத்தில் கொட்டி வெயிலில் காய வைக்கலாம். குறுவை நெல் வரும் ஐப்பசியில் வானம் பார்த்து என்ன பயன்? டிரையர்தான் கதி. அவித்த ஈர நெல் டிரையருக்காகக் குவியலாகக் காத்துக் கிடந்தால் புளிக்கும், நிறம் மாறும், விலை இறங்கும்.

இப்போது ஒரு கற்பனை மில். அதன் முதலாளி நம் சித்தப்பா என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு ஒரு கேள்வி: "டிரையர் பத்தவில்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள். கடன் வாங்கி இரண்டாவது டிரையர் போடலாமா?"

சித்தப்பாவின் காகிதக் கணக்கு

அவித்தல் பிரிவு காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை, 8 மணி நேரம். மணிக்கு 3 டன். நாளுக்கு 24 டன்.

டிரையர் காலை 8 முதல் இரவு 8 வரை, 12 மணி நேரம். மணிக்கு 2 டன். நாளுக்கு 24 டன்.

வருவது 24, காய்வது 24. காகிதத்தில் கணக்கு சரி. சராசரி போட்டால் இன்னும் அழகு: இரண்டுமே 24 மணி நேரத்துக்கு மணிக்கு 1 டன். ஒரு கிலோ நெல்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை! அப்படியானால் ஆட்கள் ஏன் புலம்புகிறார்கள்? எக்ஸெல்லிடம் கேட்போம்.

ஷீட் தயாரிப்போம்

ஒரு சிறு குறிப்பு. கீழே பார்முலாக்களையும் செல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். பங்ஷன்களின் எழுத்துகள்: இஃப் (ஐ, எஃப்), ஆண்ட் (ஏ, என், டி), மாட் (எம், ஓ, டி), மின் (எம், ஐ, என்), மேக்ஸ் (எம், ஏ, எக்ஸ்), சம் (எஸ், யூ, எம்).

1. முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1-ல் "மொத்த மணி", பி1-ல் "கடிகார மணி", சி1-ல் "அவித்தல் உண்டா", டி1-ல் "டிரையர் உண்டா", இ1-ல் "வந்த நெல்", எஃப்1-ல் "காய்ந்த நெல்", ஜி1-ல் "காத்திருக்கும் நெல்".

2. வலப்பக்கம் ஐ காலத்தில் பெயர்களும், ஜே காலத்தில் எண்களும் வரட்டும். ஜே1: அவித்தல் தொடக்கம் 6. ஜே2: அவித்தல் முடிவு 14. ஜே3: அவித்தல் வேகம் 3. ஜே4: டிரையர் தொடக்கம் 8. ஜே5: டிரையர் முடிவு 20. ஜே6: டிரையர் வேகம் 2. ஜே7: சாப்பாட்டு நேரம் 99. (99 மணி என்று ஒன்று கிடையாது. இப்போதைக்கு இடைவேளை இல்லை என்பதற்காக அப்படிக் கொடுக்கிறோம்.)

3. ஜி2-ல் 0 என்று டைப் செய்யுங்கள். வாரம் தொடங்கும்போது களம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

4. ஏ3-ல் 0, ஏ4-ல் 1. இரண்டு செல்லையும் சேர்த்து செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து 170-வது வரிசை வரை இழுங்கள். 167-ல் முடியும். ஏழு நாளுக்கு மொத்தம் 168 மணி நேரம்.

5. இனி மூன்றாவது வரிசையில் பார்முலாக்கள்.

பி3: =மாட்(ஏ3,24)
சி3: =இஃப்(ஆண்ட்(பி3>=$ஜே$1,பி3<$ஜே$2),1,0)
டி3: =இஃப்(ஆண்ட்(பி3>=$ஜே$4,பி3<$ஜே$5,பி3<>$ஜே$7),1,0)
இ3: =சி3*$ஜே$3
எஃப்3: =மின்(ஜி2+இ3,டி3*$ஜே$6)
ஜி3: =ஜி2+இ3-எஃப்3

6. பி3 முதல் ஜி3 வரை செலக்ட் செய்து, அதே போல 170-வது வரிசை வரை இழுத்து விடுங்கள்.

7. ஜே9-ல் =மேக்ஸ்(ஜி3:ஜி170) என்றும், ஜே10-ல் =ஜி170 என்றும் டைப் செய்யுங்கள். முதலாவது, வாரத்தில் அதிகபட்சமாகக் குவிந்த ஈர நெல். இரண்டாவது, வாரக் கடைசியில் மிச்சம்.

பார்முலாக்களைக் கொஞ்சம் புரிந்து கொள்வோம். மாட் என்பது 24-ஆல் வகுத்து மீதியைத் தரும். 30-வது மணி என்றால் மீதி 6. அதாவது மறுநாள் காலை 6. இஃப், ஆண்ட் இரண்டும் சேர்ந்து "இந்த மணி ஷிப்டுக்குள் இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 தருகின்றன. மெஷின் வேகத்தை இந்த 1 அல்லது 0-ஆல் பெருக்கினால் போதும். ஷிப்ட் இல்லாத நேரத்தில் மெஷின் தானாக நின்று விடும். மின் என்பது இரண்டில் சிறியது. டிரையர் மணிக்கு 2 டன் காய வைக்கும். ஆனால் இருப்பதே 1 டன் என்றால் 1 டன்தான் காயும் அல்லவா? டாலர் குறி எதற்கு? பார்முலாவை இழுக்கும்போது ஜே காலத்துச் செல்கள் நகராமல் பூட்டி வைப்பதற்கு.

சரி பார்க்க ஒரு வழி. ஏதாவது காலி செல்லில் =சம்(இ3:இ170)-சம்(எஃப்3:எஃப்170)-ஜி170 என்று டைப் செய்யுங்கள். விடை 0 வர வேண்டும். வந்த நெல்லில் காய்ந்தது போக மீதி காத்திருக்க வேண்டும். எங்கேயும் மாயமாக மறையக் கூடாது. வேறு எண் வந்தால் எங்கோ பார்முலா தவறு.

முதல் ஆச்சரியம்

ஜே10-ல் 0 இருக்கிறது. சித்தப்பா கணக்கு சரிதான். தினமும் இரவு 8 மணிக்குக் களம் காலி. ஆனால் ஜே9-ஐப் பாருங்கள். 12!

அதாவது மதியம் 2 மணிக்கு 12 டன் ஈர நெல் குவிந்து கிடக்கிறது. காலை 6 மணிக்கே நெல் வெளியே வரத் தொடங்குகிறது. டிரையர் ஆள் வருவதோ 8 மணிக்கு. அதற்குள் 6 டன் குவிந்து விடும். பிறகு மணிக்கு 3 டன் வர, 2 டன்தான் காய்கிறது. மதியம் 2 மணிக்கு வந்த நெல், முன்னால் இருக்கும் 12 டன்னும் காய்ந்து முடியும் வரை ஏறக்குறைய ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சராசரிக் கணக்கில் இது தெரியவே தெரியாது. "பாதி நேரம் ஓடும் மெஷின்" என்பதும் "பாதி வேகத்தில் நாள் முழுக்க ஓடும் மெஷின்" என்பதும் மொத்த டன்னில் ஒன்று, குவியலில் ஒன்றல்ல.

இப்போது ஜே4-ல் 6, ஜே5-ல் 18 என்று மாற்றுங்கள். டிரையர் ஆட்களும் காலை 6 மணிக்கே வருகிறார்கள். அதே 12 மணி நேர வேலை. ஜே9 உடனே 8 ஆகிறது. ஒரு பைசா செலவில்லாமல் குவியல் மூன்றில் ஒரு பங்கு குறைந்து விட்டது. டிரையர் கடனுக்கு பேங்க் மேனேஜரைப் பார்க்கக் கிளம்பிய சித்தப்பாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரச் சாப்பாடு

மேலே உள்ள மாடலில் யாருமே சாப்பிடவில்லை! ஜே7-ல் 99-ஐ எடுத்துவிட்டு 13 என்று டைப் செய்யுங்கள். மதியம் 1 முதல் 2 வரை டிரையர் நிற்கும். அவித்தல் பிரிவில் மாற்று ஆள் இருப்பதால் அது நிற்காது என்று வைத்துக் கொள்வோம்.

ஜே10-ல் இப்போது 14. ஒரு மணி நேரத்தில் போவது 2 டன்தான். ஆனால் நம் மில்லில் வருவதும் காய்வதும் சரிக்குச் சரி. பிடித்துக் கொள்ள இடமே இல்லை. அந்த 2 டன் மறுநாளைக்கு மிஞ்சுகிறது. அதற்கு மறுநாள் 4 டன். ஏழாம் நாள் 14 டன். ஜே9-ல் 22 தெரியும். ஆட்கள் புலம்புவதற்குக் காரணம் கிடைத்து விட்டதா? மெஷின் சிறியது என்பதல்ல, சாப்பாட்டு நேரத்தில் மெஷினைப் பார்த்துக் கொள்ள ஆள் இல்லை என்பதே காரணம். ஒரு மாற்று ஆள் போட்டால் போதும்.

தொழிற்சாலை மாடல் செய்பவர்கள் அதிகம் தவறு விடும் இடம் இது. ஷிப்டை எழுதுவார்கள், சாப்பாடு, டீ, ஷிப்ட் மாறும்போது போகும் பத்து நிமிடம், வாரம் ஒரு முறை மெஷினைச் சுத்தம் செய்யும் நேரம் ஆகியவற்றை விட்டு விடுவார்கள்.

நள்ளிரவில் ஒரு பள்ளம்

டிரையரை இரவு 8 முதல் காலை 4 வரை ஓட்டலாமா என்று பார்க்க ஜே4-ல் 20, ஜே5-ல் 4 கொடுத்தால் என்ன ஆகும்? ஜே10-ல் 168 டன் வரும். ஏழு நாள் நெல்லும் அப்படியே! டிரையர் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. காரணம், "20-க்கு மேலும் இருக்க வேண்டும், 4-க்குக் கீழும் இருக்க வேண்டும்" என்று ஆண்ட் கேட்கிறது. அப்படி ஒரு மணி உலகத்தில் இல்லை. ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால் ஆண்ட் இருக்கும் இடத்தில் ஆர் பங்ஷன் (ஓ, ஆர் என இரண்டு எழுத்து) வர வேண்டும்:

=இஃப்(ஆர்(பி3>=$ஜே$4,பி3<$ஜே$5),1,0)

வார விடுமுறையிலும் இதே பள்ளம் உண்டு. சனிக்கிழமை இரவு ஷிப்ட் ஞாயிறு காலை 4 மணிக்குத்தான் முடியும். "ஞாயிறு முழுக்க விடுமுறை" என்று எழுதினால் சனி இரவு ஆட்களின் பாதி ஷிப்ட் காணாமல் போய் விடும். விலை கொடுத்து வாங்கும் பெரிய சாப்ட்வேர்களிலும் இதைக் கவனித்துத்தான் காலண்டர் அமைக்க வேண்டும்.

பார்த்து முடித்ததும் டி காலத்தில் பழைய ஆண்ட் பார்முலாவையே மீண்டும் கொடுத்து, ஜே4-ல் 8, ஜே5-ல் 20, ஜே7-ல் 99 என்று மாற்றி விடுங்கள்.

கரண்ட் போனால்?

மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-ம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. ஆட்களின் ஷிப்டை முதலாளி தீர்மானித்த காலம் போய், கரண்ட் வரும் நேரம் தீர்மானித்த காலம் அது. இப்போதும் துணை மின் நிலையப் பராமரிப்புக்காகச் சில நாட்களில் பகல் முழுக்க மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வருகிறது. அதை மாடலில் போட்டுப் பார்ப்போம்.

மூன்றாம் நாள் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. மொத்த மணிக் கணக்கில் 57 முதல் 64 வரை. வரிசைகள் 60 முதல் 67 வரை. டி60 முதல் டி67 வரை உள்ள எட்டுச் செல்களில் 0 என்று டைப் செய்யுங்கள். (பார்முலா அழிந்து விடும். பிறகு கன்ட்ரோல் விசையுடன் இசட் தட்டி மீட்டுக் கொள்ளலாம். அடையாளத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்து வையுங்கள்.) ஜே10-ல் 16 டன்.

ஒரு நிமிடம்! கரண்ட் இல்லாமல் அவித்தல் மட்டும் எப்படி நடக்கும்? பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப், நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர் எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. அவற்றுக்கு ஜெனரேட்டர் இல்லை என்றால் சி60 முதல் சி64 வரையும் 0 போட வேண்டும். போட்டதும் ஜே10 வெறும் 1 ஆகிறது. பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை. அன்று 24 டன்னுக்குப் பதில் 9 டன்தான் அவித்தலைத் தாண்டி வந்திருக்கிறது. மீதி 15 டன் ஊறல் தொட்டியில் கிடக்கிறது. நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய நெல் பொழுது சாயும் வரை ஊறுகிறது. நம் ஷீட்டில் ஊறல் தொட்டிக்குக் காலம் இல்லாததால் அந்த 15 டன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தின் முக்கியமான விஷயம் இதுதான். மெஷினுக்கு ஷிப்ட் உண்டு. ஆளுக்கு ஷிப்ட் உண்டு. நெல்லுக்கு ஷிப்ட் கிடையாது. மெஷின் நின்ற பிறகும் ஊறுவது ஊறிக் கொண்டே இருக்கும், புளிப்பது புளித்துக் கொண்டே இருக்கும். எனவே மாடல் செய்யும்போது "மெஷின் எப்போது ஓடும்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "அது ஓடாதபோது பொருளுக்கு என்ன ஆகிறது?" என்றும் கேட்க வேண்டும்.

ஷிப்ட் முடிகிறது, வேலை பாதியில்!

இதுவரை டிரையரைக் குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி மணிக்கு 2 டன் என்று நினைத்தோம். நம் மில் டிரையர் 12 டன் கொள்ளும்; ஒரு ஈடு காய 6 மணி நேரம் ஆகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். காலை 8-க்கு ஏற்றினால் 2-க்கு இறக்கலாம். 2-க்கு ஏற்றினால் இரவு 8-க்கு. ஷிப்டில் சரியாக இரண்டு ஈடு. காலையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால்? முதல் ஈடு 3 மணிக்கு முடியும். இரண்டாவது இரவு 9-க்குத்தான் முடியும். ஷிப்டோ 8-க்கு முடிகிறது. என்ன செய்வது? மூன்று வழிகள்.

பாதியில் நிறுத்துவது: 8 மணிக்கு நிறுத்தி, மறுநாள் காலை 8-க்குத் தொடர்வது. மிச்சம் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் நெல் அரை ஈரத்தோடு 12 மணி நேரம் கிடக்கும்.

முடித்து விட்டு நிறுத்துவது: ஆட்களுக்கு ஒரு மணி நேரம் ஓவர்டைம் கொடுத்து 9 மணிக்கு இறக்குவது.

தொடங்காமல் விடுவது: 8 மணிக்குள் முடியாது என்று தெரிவதால் 3 மணிக்கு ஏற்றாமலே இருப்பது. டிரையர் ஐந்து மணி நேரம் சும்மா நிற்கும். 12 டன் ஈர நெல் வெளியே கிடக்கும்.

எது சரி? மெஷினைப் பொறுத்தது. அரவை மெஷினை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். காய்ந்த நெல் காலை வரை தாங்கும். அவித்தலைப் பாதியில் நிறுத்தக் கூடாது. டிரையரில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. புழுங்கல் நெல்லை ஒரே மூச்சில் காய வைத்தால் அரிசி நொறுங்கும். ஈரம் 16 முதல் 18 சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்தி, சில மணி நேரம் ஆற விட்டு, மறுபடி காய வைப்பதே நல்ல முறை. ஷிப்ட் முடியும் நேரமும் இந்த ஆற விடும் நேரமும் ஒன்றாக அமையும்படி ஏற்றும் நேரத்தைத் திட்டமிட்டால், நிறுத்தமே நன்மையாகி விடும்!

அரேனா போன்ற சிமுலேஷன் சாப்ட்வேர்களில் இதை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சாப்பாட்டு நேரம் 1 முதல் 2 வரை. கையில் உள்ள வேலை ஒன்றரைக்குத்தான் முடியும் என்று வைத்துக் கொள்ளுங்கள். "ப்ரீஎம்ப்ட்" என்று கொடுத்தால் ஒரு மணிக்கே வேலையைப் போட்டு விட்டுக் கிளம்புவார்கள். "வெயிட்" என்றால் ஒன்றரைக்கு முடித்து, முழு ஒரு மணி நேரம் சாப்பிட்டு, இரண்டரைக்குத் திரும்புவார்கள். "இக்னோர்" என்றால் ஒன்றரைக்கு முடித்து, அரை மணியில் சாப்பிட்டு, இரண்டு மணிக்கே வந்து விடுவார்கள். உங்கள் மில் ஆட்கள் எந்த ரகம் என்று நேரில் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெஷின் ரிப்பேர்

கடைசியாக ரிப்பேர். டிரையர் சராசரியாக 48 மணி நேரம் ஓடினால் ஒரு முறை பெல்ட் அறுகிறது அல்லது பேரிங் போகிறது. சரி செய்ய 3 மணி நேரம் ஆகிறது. 48-ஐ 51-ஆல் வகுத்தால் 0.94. அதாவது ஷிப்ட் நேரத்தில் 94 சதவீதம் மெஷின் நமக்குக் கிடைக்கும்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம். அந்த 48 மணி நேரம் ஓடிய நேரமா, கடிகார நேரமா? தினமும் 12 மணி நேரம் ஓடும் டிரையருக்கு ஓடிய நேரம் 48 என்றால் நான்கு நாளுக்கு ஒரு ரிப்பேர். கடிகார நேரம் என்று தவறாகக் கொடுத்தால் இரண்டு நாளுக்கு ஒன்று. பெல்ட் ஓடினால்தான் தேயும்; ஆகவே ஓடிய நேரமே சரி.

ஹெச் காலத்தில் மிச்ச ரிப்பேர் நேரத்தை வைப்போம். ராண்ட் பங்ஷன் (ஆர், ஏ, என், டி) 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைத் தரும்; பகடை உருட்டுவது மாதிரி. ஹெச்1-ல் "மிச்ச ரிப்பேர்", ஹெச்2-ல் 0 என்று டைப் செய்து, மூன்றாவது வரிசையில்:

ஹெச்3: =இஃப்(ஹெச்2>0,ஹெச்2-டி3,இஃப்(ராண்ட்()*48<டி3,3,0))
எஃப்3: =இஃப்(ஹெச்2=0,மின்(ஜி2+இ3,டி3*$ஜே$6),0)

இரண்டையும் 170-வது வரிசை வரை இழுங்கள். மின்தடைக்குப் போட்ட பூஜ்யங்களை எடுத்து விட்டீர்களா என்று பார்த்துக் கொள்ளுங்கள். டி3-ல் 0 இருந்தால் ரிப்பேர் வராது. ஓடாத மெஷின் பழுதாகாது. ரிப்பேர் வேலையும் ஷிப்ட் நேரத்தில்தான் நடக்கும். மாலை 7 மணிக்கு பெல்ட் அறுந்தால் ஒரு மணி நேரம் வேலை பார்த்து விட்டு மெக்கானிக் கிளம்புவார். மறுநாள் 8 முதல் 10 வரை மிச்சம். மெஷின் கணக்கில் போனது 3 மணி நேரம். உள்ளே கிடந்த நெல்லுக்கு 15 மணி நேரம்!

இப்போது எஃப்9 விசையைத் தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புது வாரம் பிறக்கும். ஜே10-ல் ஒரு முறை 6 வரும், அடுத்த முறை 12, இன்னொரு முறை 0. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருபது முறை தட்டி, ஒவ்வொன்றையும் தாளில் குறித்து, சராசரியையும் மோசமான வாரத்தையும் பாருங்கள். களம் தாங்க வேண்டியது மோசமான வாரத்தைத்தான்.

பிறகு ஜே5-ல் 21 என்று மாற்றி மறுபடி இருபது முறை. ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் நாளுக்கு 2 டன் கைவசம் கிடைக்கிறது. ஒரு ரிப்பேரில் தேங்கிய 6 டன் மூன்று நாளில் தீர்ந்து விடும். தேக்கம் நாளுக்கு நாள் ஏறிக் கொண்டே போகாது.

சித்தப்பாவுக்கு என்ன பதில்?

இரண்டாவது டிரையர் இப்போதைக்கு வேண்டாம். டிரையர் ஆட்கள் அவித்தல் தொடங்கும் நேரத்திலேயே வரட்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாற்று ஆள் இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்ட ஏற்பாடு இருக்கட்டும். மின்தடை அறிவிப்பு வந்தால் முதல் நாள் இரவே எவ்வளவு ஊற வைப்பது என்று குறைத்துக் கொள்ளட்டும். இவ்வளவும் செய்து ஒரு சீசன் பார்த்த பிறகும் நெல் தேங்கினால் பேங்க் வாசலுக்குப் போகலாம்.

இந்த எண்கள் நாம் வைத்துக் கொண்டவை. உங்கள் ஊர் மில், அச்சகம், மாவு மில், தையல் யூனிட் எதுவானாலும் ஒரு வாரம் நோட்டில் குறித்து, உண்மையான எண்களை ஜே காலத்தில் போட்டுப் பாருங்கள். இதில் ருசி கண்டவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஜாம்சிம், பைத்தான் தெரிந்தவர்கள் சிம்பை என்று மேலே போகலாம். அவற்றில் படம் அழகாக இருக்கும், வேகம் கூடுதலாக இருக்கும். ஆனால் ஷிப்ட் எப்போது, யார் எப்போது சாப்பிடப் போகிறார், மெஷின் நிற்கும்போது பொருள் என்ன ஆகிறது என்ற தகவலை எந்த சாப்ட்வேரும் தானாகக் கண்டுபிடித்துத் தராது. அதற்கு மில்லுக்குள் போய் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும்.

ஷீட்டை மறக்காமல் சேவ் செய்து கொள்ளுங்கள்!